விற்ற பணத்தை வெளியே எடுத்ததால் வந்த 80 டாலர் செலவு

கனடாவின் டிஎஃப்எஸ்ஏ, அதாவது வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், 2024-க்கான 7,000 டாலரை ஜனவரியிலேயே போட்டு எனக்கிருந்த இடம் (போட அனுமதிக்கப்பட்ட தொகை) முழுவதையும் நிரப்பிவிட்டேன். மார்ச் தொடக்கத்தில் அதிலிருந்த வங்கிப் பங்குகளை 4,000 டாலருக்கு விற்றேன். கோட்டை விட்டது அதற்கப்புறம்தான். பணத்தை என் சாதாரணக் கணக்குக்கு மாற்றி, இரண்டு வாரம் கழித்து வேறு பங்கு வாங்கத் திரும்பப் போட்டேன்.

வெளியே எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1-ஆம் தேதிதான் திரும்பக் கிடைக்கும். ஆக, அந்த 4,000 டாலரும் வரம்பு மீறியது. அதற்கு மாதம் 1 சதவீத வரி, 40 டாலர். ஏப்ரல் கடைசியில்தான் எனக்கு உறைத்தது. அன்றே 4,000 டாலரை வெளியே எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு 80 டாலர். ஆர்சி243 படிவத்தை நிரப்பி மறு ஆண்டு ஜூன் 30-க்குள் கட்டினேன். தெரியாமல் நடந்தது என்று தள்ளுபடி கேட்டு எழுதியிருக்கலாம். சோம்பல்.

இப்போது விற்ற பணம் கணக்குக்குள்ளேயே ரொக்கமாக நிற்கும். அதிலேயே அடுத்த பங்கை வாங்கிவிடுகிறேன். இடம் குறைவதில்லை, லாபத்துக்கு வரியும் இல்லை. நட்டத்தில் விற்றால்தான் வயிற்றெரிச்சல்: அதை வேறு லாபத்தில் கழிக்க முடியாது, அந்த இடமும் போனது போனதுதான்.