குவெர்ச்சினோவின் வழியில் ஒரு புனிதர்: இறகுப் பேனாவும் பழுப்பு வாஷும்

இத்தாலியின் சென்ட்டோ நகரில் பிறந்த குவெர்ச்சினோ (1591–1666), தேவாலயங்களுக்கான பெரிய ஓவியங்களைத் தொடங்குமுன் இறகுப் பேனாவாலும், தண்ணீர் கலந்த மையாலும் தாளில் வரைந்து வரைந்து பார்ப்பார்; தூரிகையால் இடும் அந்த மெல்லிய மைப்பூச்சுதான் வாஷ். பரோக் எனப்படும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணிச் சமயக் கலையின் ஒளியையும் நிழலையும் கற்க, அந்தச் சிறு படங்களே நல்ல பாடம் என்பது என் எண்ணம். மண்டையோட்டின் முன் தியானிக்கும், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமை அந்த முறையில் வரைந்து பார்ப்போம்.

அக்கால மைக்கான மூன்று சரக்குகளும் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். இடித்த மாசிக்காய் 30 கிராமை 300 மில்லி தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டி, அதில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 10 கிராமும் கருவேலம் பிசின் 10 கிராமும் கரைக்க வேண்டும். அன்னபேதி கூடினால் மை தாளையே அரிக்கும். குவெர்ச்சினோவின் சில படங்களில் அடர்ந்த கோடுகள் தாளைத் தின்றிருப்பதற்கு இத்தகைய மைதான் காரணம். எழுதும்போது வெளிறியிருக்கும் இந்த மை, காற்றுப்பட்டுக் கறுத்து, நூற்றாண்டுகள் கடந்து பழுப்பாகிறது. எனவே பழைய படங்களில் நாம் ரசிக்கும் பழுப்பில் காலத்தின் கைவண்ணமும் உண்டு. அந்த நிறம் இன்றே வேண்டுமென்றால், வாஷுக்கு மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நீர்வண்ணத்தைக் கரைத்துக்கொள்ளலாம். மாசிக்காய் மையை மைப்பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள பருத்தித் தாளில் கரிக்கோலால் உருவத்தை மெலிதாகக் குறித்துவிட்டு, பேனாவைத் தயங்காமல் ஓட்ட வேண்டும். தாடியும் மேலாடையும் சுருள்சுருளாக, விட்டுவிட்டு வந்தாலே போதும். மை முற்றிலும் உலர ஒரு நாள் விடுவது நல்லது; ஈரம் இருக்கும்போது தூரிகை பட்டால் கோடு கலங்கி முகத்தில் வழியும்.

வாஷ் வைக்குமுன் ஒளி எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். இடப்பக்கம் என்றால் நெற்றி, மூக்குத் தண்டு, தோள்முனை மூன்றையும் தூரிகையால் தொடவே கூடாது. அங்கே வெறுந்தாள்தான் வெளிச்சம், வெள்ளை வண்ணம் தேவையில்லை. மண்டையோட்டின் கண்குழிக்கும் தாடையின் அடிப்பகுதிக்கும் முதலில் வெளிறிய வாஷ் ஒன்றை வைத்து, அது காய்ந்ததும் அதன்மேல் அடர்ந்த வாஷ் ஒன்றைப் போடுங்கள். நிழலின் வெளிவிளிம்பைச் சுத்தத் தூரிகையால் நனைத்துக் கரைத்து, உள்விளிம்பை அப்படியே கூராக விட்டால், கன்ன எலும்பு தானாகவே எழும்பும். கடைசியாகத் தாடியின் நிழலில் மட்டும் பேனாவால் இரண்டு மூன்று கோடுகளை ஆழப்படுத்திவிட்டு, தூரிகையைக் கழுவி வைத்துவிட வேண்டும்.