ராபர்ட் பூரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் கிரிக்கெட் வீரருமான ராபர்ட் பூரைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது அவருடைய நாட்டைச் சொல்லும்போதுதான். 1896-ல் தென்னாப்பிரிக்காவுக்காக மூன்று டெஸ்டுகள் ஆடினார் என்பதால் அவரைத் தென்னாப்பிரிக்கர் ஆக்கிவிடுகிறார்கள். அவர் பிறந்தது 1866-ல், டப்ளினில். 7-வது ஹுசார்ஸ் குதிரைப்படையோடு தென்னாப்பிரிக்காவில் பணியில் இருந்தபோது ஹாக் பிரபுவின் இங்கிலாந்து அணி வந்தது, ஆடினார், அவ்வளவுதான்.

அடுத்தது 91.23 என்ற பேட்டிங் சராசரி. அதை அவருடைய வாழ்நாள் சராசரி போல எழுதவே கூடாது. 1899-ல் ஜூன் 12 முதல் ஆகஸ்ட் 12 வரை, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷையர் கவுன்டி அணிக்காகப் பெரும்பாலும் ஆடிய இரண்டே மாதங்களின் கணக்கு அது: 1,551 ரன், 7 சதங்கள். 1930-ல் பிராட்மன் முறியடிக்கும்வரை இங்கிலாந்துப் பருவச் சாதனையாக நின்றது. ஆனால் டெஸ்டுகளில் அவர் எடுத்தது மொத்தம் 76 ரன் மட்டுமே. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் மனிதர் தெரிவார்.

அதே 1899-ல் டான்டன் மைதானத்தில் சாமர்செட் கவுன்டி அணிக்கு எதிராக அவர் எடுத்த 304 எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மறுமுனையில் நின்று 6-வது விக்கெட்டுக்கு 411 ரன் சேர்த்த டெடி வின்யார்டைத்தான் மறந்துவிடுகிறார்கள். அவரும் ராணுவ அதிகாரி. சகாரன்பூரில் பிறந்து, பர்மாப் போரில் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றவர். இதைச் சொல்லாவிட்டால் அந்தக் கூட்டணியின் சுவையே போய்விடுகிறது. ஸ்கோர் பலகையில் அன்று பூர் 'மேஜர்'. பின்னாளில் பெற்ற பிரிகேடியர் ஜெனரல் பதவியை 1899-ல் ஒட்டுவதும் பிழைதான்.

இந்திய ஆண்டுகளைத் தாண்டிப் போவது எனக்குப் பெரிய வருத்தம். பம்பாய் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவிடம் ஏ.டி.சி.யாக, அதாவது நேரடி உதவி அதிகாரியாக, இருந்த அந்த நாட்களில்தான் அவருடைய ஆட்டம் வளர்ந்தது. ஹாரிஸ் தாமே இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, 1899 ஆகஸ்டோடு கதையை முடிப்பது. அந்த அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களுக்கும் பிரிட்டனுக்கும் இடையே போயர் போர் மூண்டது. தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிய பூர், ராணுவக் காவல் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். பிரிட்டிஷ் சீருடையில் பிடிபடும் போயர்களை உடனே விசாரித்துத் தண்டிக்கும், பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிச்சனரின் ஆணையைப் பற்றி 1901 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். போர்க் கைதிகளைக் கொன்றதற்காக 1902-ல் பிரிட்டோரியாவில் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் தரப்பு அதிகாரிகள் மோரன்ட், ஹேண்ட்காக் வழக்கில், அப்படிக் கொல்ல ஆணை இருந்ததா என்று வாதிடுபவர்கள் இன்றும் அந்தக் குறிப்பைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.