ஒரு டிஷ்ல மூணு ரிசீவர், எங்க லயத்துல செஞ்ச வேல

ஹட்டன் பக்கம் எங்க லயம் (தோட்டத்து வரிசை வீடுங்க), எங்க காம்பராவுல டிஷ் இருக்கு, பக்கத்துல அண்ணன் குடும்பம், அடுத்தது மாமா வீடு, மூணுக்கும் இதே டிஷ் போதும்னு ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி கேபிள பிரிச்சு குடுத்தேன். அங்கதான் பிழை. அண்ணன் சேனல் மாத்தினா அம்மா பாக்குற நாடகம் போயிரும்.

பிறகுதான் வெளங்குச்சு, ரிசீவர்தான், அதான் டிவிகிட்ட இருக்குற பெட்டி, கேபிள் வழியா எல்என்பிக்கு (டிஷ் முன்னால சிக்னல வாங்குற உறுப்பு) 13 வோல்ட் இல்லாட்டி 18 வோல்ட் அனுப்பி செங்குத்து அலை வேணுமா கிடை அலை வேணுமான்னு சொல்லுது, மேல் பேண்டுக்கு, அதான் கூடுன அலைவரிசைக்கு, 22 கிலோஹெர்ட்ஸ் டோனும் போகுது, ஒரே எல்என்பிக்கு மூணு பேர் மூணு விதமா சொன்னா அது யாருக்குன்னு கேக்கும்?

நாலு அவுட்புட் உள்ள குவாட் எல்என்பி வாங்கி, ஒவ்வொரு ரிசீவருக்கும் தனி ஆர்ஜி6 கேபிள் இழுத்தேன். மாத்த முந்தி எல்லா ரிசீவர் கரண்ட் பிளக்கையும் கழட்டிருங்க, இது கட்டாயம். பழைய எல்என்பி இருந்த சாய்வ மார்க்கர்ல கோடு போட்டு வச்சேன், புதுச அதே சாய்வுல மாட்டுனதால டிஷ்ஷ அசைக்கவே தேவப்படல.

எங்க ஊரு மழைக்கும் பனிக்கும் கனெக்டர்ல தண்ணி எறங்கி செம்பு கறுத்துரும், அதனால ரப்பர் டேப்ப இறுக்கி சுத்தி, கேபிள கீழ ஒரு வளைவா தொங்க விட்டேன், தண்ணி அதுலயே சொட்டிரும். இப்ப மூணு வீட்லயும் வேற வேற சேனல் ஓடுது.