பின் சீட்டுக்கு சார்ஜர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் இருந்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டுவதற்குள் "சார்ஜ் இல்லை" என்ற குரல் வந்துவிடும். எங்கள் காரில் பின்னால் அதற்கு வசதி கிடையாது. முன்பக்க லைட்டர் சாக்கெட்டில் மூன்று வாய் ஸ்ப்ளிட்டர் ஒன்றைச் செருகி, அதிலிருந்து பின்னால் வயர் விட்டிருந்தேன். வான் ரீனன் கணவாய் ஏறும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. "என்னடா, இஞ்சின் சூடாயிடுச்சா?" என்றார் அம்மா. ஹாரிஸ்மித்தில் நிறுத்தி ஸ்ப்ளிட்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். நுனியிலிருந்த உலோகப் பொட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே அமிழ்ந்திருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருந்தது. ஃபியூஸ் போகவே இல்லை.

ஃபியூஸ் அளவுக்கு மீறிய கரண்டைத்தான் தடுக்கும். குலுங்கும்போதெல்லாம் விட்டு விட்டுத் தொடும் ஒரு பொட்டு, அளவான கரண்டிலேயே கொதித்துப்போகும். லைட்டர் சாக்கெட் மணிக்கணக்கில் கரண்ட் கொடுப்பதற்காக வந்ததல்ல. சிகரெட் பற்றவைக்கச் சில நொடி சூடேற்றுவதற்காக வந்தது. அதில் ஒரு ஃபோன் போடலாம். மூன்று பேரின் பாரத்தை ஏற்றாதீர்கள்.

திரும்பி வந்ததும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் காட்டினேன். "சார்ஜரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதல்ல வயரைப் பாருங்க" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பின் சீட்டு சார்ஜரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை முன்னுக்கும் பின்னுக்கும் இடையில்தான் இருக்கின்றன.

எல்லாரும் முதலில் செய்வது, முன்னாலிருக்கும் யுஎஸ்பி துளையிலிருந்து மூன்று மீட்டர் கேபிள் இழுப்பது. மலிவான கேபிளுக்குள் ஓடும் செம்பு நூல் போல மெல்லியது. 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் அனுப்பினால், போக வர ஆறு மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். ஃபோன் "சார்ஜ் ஆகிறது" என்று காட்டும், சதவீதம் ஏறாது. பழைய கார்களின் யுஎஸ்பி துளை பாட்டு கேட்பதற்காக வைத்தது. அதில் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் வரும், அதாவது இரண்டரை வாட். வழியைக் காட்டிக்கொண்டே ஓடும் ஃபோனுக்கு அது காணாது. ஆகவே நீளமாகப் போக வேண்டியது 12 வோல்ட் வயர். அதை 5 வோல்ட்டாக மாற்றும் சார்ஜர் பின் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், யுஎஸ்பி கேபிள் ஒரு மீட்டர் போதும்.

சரி, அந்த 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது? ஃபியூஸ் பெட்டியில் ஒரே துளையில் இரண்டு ஃபியூஸ் வைக்கும் ஹோல்டர் கடைகளில் கிடைக்கிறது. நல்ல சாமான்தான், ஆனால் தவறுகள் குவிவதும் இங்கேதான். ஹோல்டரைத் திருப்பிச் செருகிவிட்டால் புது வயரின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தால், துளையின் எந்தப் பக்கத்தில் கரண்ட் வருகிறது என்று தெரிந்துவிடும். ஏர்பேக், பிரேக், இஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே தொடாதீர்கள். ரேடியோவுக்கோ லைட்டருக்கோ உரியதே போதும்.

அடுத்தது அளவு. இரண்டு ஃபோன்கள் ஆளுக்கு 20 வாட் இழுத்தாலும், மாற்றும்போது வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்குள்தான் வரும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது அடிக்கடி போகிறது என்று மஞ்சள் நிற 20 ஆம்பியரை மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபியூஸ் வயரைக் காப்பதற்காக இருப்பது. மெல்லிய வயருக்குப் பெரிய ஃபியூஸ் போட்டால், கோளாறு வரும் நாளில் கம்பளத்துக்கு அடியில் அந்த வயரே ஃபியூஸாகிவிடும்.

லேப்டாப்பும் வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. 65 வாட் லேப்டாப்பும் இரண்டு ஃபோன்களும் சேர்ந்தால் பத்து ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். அதற்கு பேட்டரியிலிருந்து தனி வயர், ரிலே என்ற தானாக இயங்கும் சுவிட்ச், பேட்டரிக்கு ஒட்டினாற்போல ஃபியூஸ் எல்லாம் வேண்டும். வயர் இரண்டரை சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும். மெல்லிய வயரில் வோல்ட் குறையக் குறைய, அதே வாட்டைக் கொடுக்க சார்ஜர் இன்னும் அதிக கரண்டை இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். 220 வோல்ட் இன்வெர்ட்டர் வாங்கி, அதில் நம் ஊர் தடித்த மூன்று உருண்டை முள் பிளக்கைத் தொங்கவிடுவதைவிட, டைப் சி வழியாக நேராக சார்ஜ் ஏற்றுவது எவ்வளவோ மேல்.

வயர் போகும் பாதை. கதவுப் படிக்கட்டின் பிளாஸ்டிக்கைத் தூக்கினால் உள்ளே கார் கம்பெனியே வயர் கொண்டுபோகும் வழி இருக்கும், அதன் வழியாகப் போங்கள். மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக். அதோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கதவுத் தூணின் உறைக்குள்ளும் ஏர்பேக் இருக்கலாம், அங்கே வயரை நுழைக்க வேண்டாம். சீட் நகரும் தண்டவாளத்தின் மேல் போட்டால், யாராவது சீட்டைப் பின்னால் தள்ளும் நாளில் வயர் அறுபடும். எர்த் கொடுக்க சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றாதீர்கள். உடம்புத் தகட்டில் வேறு போல்ட் பார்த்து, பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு டர்பனில் நிற்காது. ஜனவரி வெயிலில் பசை இளகி டேப் கழன்றுவிடும். கடற்காற்றின் உப்பு செம்பைப் பச்சையாக்கிவிடும். என் பழைய வயரைப் பிரித்தபோது முறுக்கின் முனை பச்சைப் பொடியாகக் கையில் உதிர்ந்தது. கிரிம்ப் செய்து, அதாவது வயர் முனையை உலோகக் குழலுக்குள் விட்டு இறுக நசுக்கி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

இன்னொன்று, சாவியை எடுத்த பிறகும் சார்ஜர் விழித்திருக்கக்கூடாது. சும்மா இருக்கும்போதே 20 மில்லிஆம்பியர் இழுக்கும் சார்ஜர் இரண்டு வாரத்தில் ஏழு ஆம்பியர் மணி நேரத்துக்குக் கிட்டே குடித்துவிடும். இங்கே பல கார்களில் திருட்டுக்குப் பயந்து டிராக்கர் வேறு இருக்கிறது, அதுவும் அதே பேட்டரியைத்தான் குடிக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பி ஏர்போர்ட்டில் வண்டியை எடுக்கப்போனால் ஸ்டார்ட் ஆகாது. சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸிலிருந்து எடுங்கள்.

குழந்தை சீட்டுக்குக் குறுக்கே கேபிள் தொங்கவிடாதீர்கள், கழுத்தில் சுற்றும். ரோபோவில், அதாவது சிக்னலில், நிற்கும்போது பின் சீட்டில் மினுங்கும் டேப்லெட் கண்ணாடி உடைப்பவனுக்கு அழைப்பு. கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் வெயில் படும்படி வைத்து சார்ஜ் போடவும் வேண்டாம். லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது, அந்தப் பலகை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

2023 இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பல வீடுகளில் கார்தான் சார்ஜர். பின் சீட்டில் வசதி வந்த பிறகு பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து படிக்கவும் ஆசைப்படுவார்கள். கராஜுக்குள் இஞ்சினை ஓடவிட்டு அதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பதும் போதாது. காரை வெளியே எடுத்து, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு அப்புறம் சார்ஜ் போடுங்கள்.