பத்து மாட்டுக் கொட்டகையின் கழுவுநீரைச் சுத்தப்படுத்திப் புல்லுக்குப் பாய்ச்சுவது எப்படி?

பத்து கலப்பின மாடுகள் நிற்கும் கொட்டகையில் ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ சாணியும் 100 லிட்டர் மூத்திரமும் விழும். குழாயைத் திருப்பிவிட்டு எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினால் ஆயிரம் லிட்டருக்கு மேல் சாணக்கரைசல் ஓடும். சாணியை முதலில் வழித்து எடுத்துவிட்டால் மாட்டுக்கு 40 லிட்டர் தண்ணீரே தரையைக் கழுவப் போதும்; மூத்திரத்தோடு சேர்த்து 500 லிட்டர். இந்தக் கழுவுநீர் முதலில் ஒரு தொட்டியில் கசடைப் படியவிட்டு, பிறகு செடி நட்ட ஜல்லிப் பாத்தி வழியாக வடிந்து புல்லுக்குப் போகும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் இந்த 500 லிட்டருக்கானவை. வழிக்காத கொட்டகைக்கு இதே தொட்டியைக் கட்டினால் சீக்கிரமே தூர்ந்துவிடும். அதனால் செலவில்லாத இந்த வேலையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கொட்டகைக்குள்

தரை 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் இருந்தால் மூத்திரம் தேங்காது. சாணியை மண்வெட்டியாலோ தகட்டாலோ வழித்த பிறகு, ரப்பர் வைப்பரால் ஒருமுறை இழுங்கள். அதற்குப் பிறகே குழாய். வழித்த சாணி எருக்குழிக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோ போகட்டும். கலன் இருந்தால் ஒரு கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 25 கிலோ சாணி என்பது கணக்கு. 150 கிலோவுக்கு 6 கன மீட்டர் கலன். கரைப்பதற்கு நல்ல தண்ணீர் தேவையில்லை, கழுவுநீரிலேயே சரிக்குச் சரி கரைக்கலாம். 150 லிட்டர் அங்கேயே செலவாகிவிடும்.

வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சாய்வாக வையுங்கள். மாடு ஒதுக்கிய தட்டையும் வைக்கோலும் அதில் நிற்கும். இரண்டு வேளையும் வலையை வழிக்காவிட்டால் தண்ணீர் வாய்க்காலை மீறி வாசலுக்கு வரும்.

கூரைத் தண்ணீர் இந்த வாய்க்காலில் சேரவே கூடாது. 60 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர். ஐப்பசி மழையில் ஒரே இரவில் தொட்டியின் மண்டி முழுவதையும் ஜல்லிப் பாத்திக்குள் தள்ளிவிட இது போதும். தகரப் பீலி வைத்துத் தனியாகத் திருப்பிவிடுங்கள்.

படியவைக்கும் தொட்டி

உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர், மேலே 30 சென்டிமீட்டர் காலி. 2,000 லிட்டர், அதாவது நான்கு நாள் தங்கல். முதல் அறை 1 மீட்டர், அடுத்த இரண்டும் அரை மீட்டர். அறைக்கு அறை நாலு அங்குல 'டீ' குழாய் வைத்து, அதன் கீழ்க்கால் நீர்மட்டத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே வாய் திறக்கும்படி விடுங்கள். மேலே மிதக்கும் ஏடும் அடியில் படியும் மண்டியும் அப்போதுதான் அடுத்த அறைக்குத் தாவாது. வெறும் ஓட்டை போட்டு விடுவதுதான் கொத்தனார்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஏடு நேராகப் பாத்திக்குப் போய் ஜல்லியை அடைத்துவிடும்.

மண்டியை அளக்க, நீளமான குச்சியின் அடியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, முதல் அறையின் தரை தொடும்வரை இறக்கி ஐந்து நிமிடம் பிடித்து, மெதுவாகத் தூக்குங்கள். துணியில் கறுப்பு ஏறிய உயரம்தான் மண்டி. 40 சென்டிமீட்டர் வந்ததும் இறைத்து எருக்குழியில் கொட்டுங்கள்.

இறைப்பதற்கு வாளியும் கயிறும் அல்லது சேற்று பம்பு மட்டும்தான். யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மண்டியைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்; அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாமல் போகும், ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவதுதான் இப்படிப்பட்ட விபத்துகளில் மறுபடி மறுபடி நடப்பது. நாலடி ஆழத் தொட்டிதானே என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் தூக்க முடியாத கனத்தில் மூடி போடுங்கள்.

ஜல்லிப் பாத்தி

6.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் இரண்டு பாத்திகள் வேண்டும். ஒன்று வேலை செய்யும்போது மற்றது காயும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். காயும்போதுதான் ஜல்லி இடுக்கில் பிடித்த வழுவழுப்பு செத்து உதிரும். ஒரே பாத்தி போட்டுச் சிக்கனம் பார்த்தால் பிறகு ஜல்லி முழுவதையும் அள்ளிக் கழுவ நேரும்.

கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழே இடம் பாருங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மூத்திரம் மண்ணுக்குள் இறங்கினால் முதலில் ஏறுவது அதுதான், அதிகம் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. ஆகவே குழிக்கு அடியில் மணல் பரப்பி, அதன்மேல் கெட்டியான சில்பாலின் விரிப்பை ஒட்டில்லாமல் ஒரே துண்டாக விரியுங்கள்.

இரு முனையிலும் அரை மீட்டருக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி, நடுவில் 20 மில்லிமீட்டர் ஜல்லி, உயரம் 60 சென்டிமீட்டர். கொட்டுவதற்கு முன் ஜல்லியைக் கழுவியே ஆக வேண்டும். கிரஷர் தூளோடு கொட்டினால் முதல் வருடமே அடைப்பு. வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ வைத்து, நீர்மட்டம் ஜல்லிக்கு 10 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி சரிசெய்யுங்கள். தண்ணீர் மேலே தெரிந்தால் கொசு வரும். ஜல்லி இடுக்குகளில் தங்கும் தண்ணீர் சுமார் 2,600 லிட்டர், ஐந்து நாள் தங்கல்.

சதுர மீட்டருக்கு நாலு கல்வாழை அல்லது சம்பு நடுங்கள். முதல் ஆறு வாரம் நல்ல தண்ணீர் பாதி, கழுவுநீர் பாதி. அவசரப்பட்டு முழுதாக விட்டால் அம்மோனியாவில் இலை ஓரம் கருகும்.

எதை ஊற்றக் கூடாது

மடிநோய்ப் பால்தான் பெரிய எதிரி. பாலின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு வாளிப் பால் தொட்டியையே புளிக்க வைக்கும். அதில் கலந்த ஆன்டிபயாட்டிக் மருந்து நல்ல நுண்ணுயிரையும் கொல்லும். தனியாகக் குழி தோண்டிக் கொட்டுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர், குளம்பு நனைக்கும் மயில்துத்தக் கரைசல் எதுவும் வாய்க்காலில் விழக் கூடாது.

தண்ணீர் தேறியதா?

பாத்தியிலிருந்து வரும் நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். வெளிர் தேநீர் நிறமாக, அடியில் கோடு போல மட்டும் கசடு இருந்தால் சரி. ஒரு விரற்கடை படிந்தால் முதல் அறையில் மண்டி நிரம்பிவிட்டது. கறுத்து நாறினால் பாத்தி அடைத்திருக்கிறது அல்லது பால் இறங்கியிருக்கிறது.

பாத்தி கசடை எடுக்கும், உப்பை எடுக்காது. தழைச்சத்திலும் ஒரு பங்கைத்தான் எடுக்கும். எனவே இந்தத் தண்ணீர் ஓடைக்கோ ஏரிக்கோ போகக் கூடாது, வயலுக்குத்தான். 7,500 லிட்டர் சேமிப்புத் தொட்டி இருந்தால் வயல் சொதசொதவென்று இருக்கும் மழைநாட்களைப் பதினைந்து நாள்வரை தாக்குப்பிடிக்கலாம்.

ஒரு பங்குக்கு மூன்று பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்து, கம்பு நேப்பியர் புல்லுக்கு வாய்க்காலில் பாய்ச்சுங்கள். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் துளை அடைக்கும். பத்து மாட்டுக்கு ஓர் ஏக்கர் புல்லாவது வேண்டும். பத்து சென்டில் தினமும் விட்டால் புல் கரும்பச்சையாகக் கொழிக்கும், ஆனால் தண்டில் நைட்ரேட் ஏறி அதைத் தின்னும் மாட்டுக்கே நஞ்சாகும். வயலை ஏழு பாத்தியாகப் பிரித்து நாளுக்கு ஒன்றாகச் சுற்றி விடுங்கள். அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பு அந்தப் பாத்திக்கு நிறுத்திவிடுங்கள். கீரை, வெள்ளரி, தக்காளி போலப் பச்சையாகத் தின்பவற்றுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.