வளர்ப்புப் பராமரிப்பில் வந்த குழந்தைக்கு மருந்து கொடுப்பதும் அவசர நேரத்தில் செய்ய வேண்டியவையும்

பெற்று வளர்த்த பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முதல் வலிப்பு எந்த வயதில் வந்தது என்பதெல்லாம் தாயின் நினைவில் இருக்கும். பெற்றோரிடம் இருக்க முடியாமல், வளர்ப்புப் பராமரிப்புக்காகச் சில காலம் நம் வீட்டுக்கு வரும் குழந்தையுடன் அந்த நினைவு வருவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவில், குழந்தையின் உடல்நலத்துக்கு வளர்ப்புக் குடும்பத்தையே பொறுப்பாக்குகிறது. ஆகவே முதல் நாளே குழந்தையின் பெயரில் தனியாக ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் குழந்தையை அழைத்து வரும்போதே மாத்திரை அட்டைகள், பாட்டில்கள், மருந்துச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை அனைத்தையும் வாங்கிப் பார்த்து, மருந்தின் பெயர், அளவு, வேளை, குழந்தையின் எடை, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வேளை எப்போது கொடுக்கப்பட்டது என்று கேட்க மறந்துவிடாதீர்கள். வலிப்பு மருந்து என்றால் ஒரு வேளை தவறினாலும் வலிப்பு திரும்பலாம். அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. குழந்தையை நம்மிடம் ஒப்படைத்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகல் நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.

அதிகம் தவறு நேர்வது சாதாரணக் காய்ச்சல் மருந்தில்தான். பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி 10 கிலோ குழந்தைக்கு முதல் சிரப்பில் 5 மில்லி சரியான அளவு, இரண்டாவதில் அதே 5 மில்லி ஏறக்குறைய இரு மடங்கு, சொட்டு மருந்தில் நான்கு மடங்கு. சமையலறைக் கரண்டியால் அளக்காமல் பாட்டிலோடு வரும் மூடியால் அளக்க வேண்டும். இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. எங்கள் வீட்டில் நான் கொடுத்துவிட்டு வயலுக்குப் போன பிறகு, பிள்ளை அனலாகக் கொதிக்கிறதே என்று என் மாமியார் இன்னொரு வேளை கொடுத்துவிட்டார். அன்பினால் செய்ததுதான், ஆனால் அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு பதைத்தது. அதிலிருந்து கொடுத்தவரே உடனே நேரத்தை எழுத வேண்டும், நோட்டைப் பார்க்காமல் யாரும் பாட்டிலைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

டெல்டாவில் பாம்புக்கடிக்கு எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கண்ணாடி விரியன் வரப்பிலும் வைக்கோலிலும் கிடக்கும். கட்டு விரியனோ இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல நேரம் கடித்த தடமே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும் குழந்தைக்கு இமை தொங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். கயிற்றால் கட்டுவதும், கீறுவதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் வேண்டாம். கொலுசையும் வளையலையும் கழற்றி, கடிபட்ட கை காலை அசையவிடாமல் தூக்கிச் சென்று, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனையில் சேருங்கள்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் குறியுங்கள். கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் மாவட்ட அலகுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் கிடைக்காத நேரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. குழந்தை பெற்றோரிடமோ வேறு குடும்பத்துக்கோ போகும் நாளில், நோட்டையும் மீதி மருந்தையும் துணிப்பையில் திணிக்காமல், பொறுப்பேற்பவரின் கையிலேயே கொடுத்து, கடைசி வேளையின் நேரத்தை அவர் எதிரிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.