வயது போன பிறகு கோடிங்: ஓட்டிசம் உள்ளவர்களுக்கு

ஓட்டிசம் உள்ள எல்லாரும் கணினியில் கெட்டிக்காரர் என்ற பேச்சை நம்பிக் கோடிங்கில், அதாவது கணினிக்கு நிரல் எழுதுவதில், இறங்க வேண்டாம். நாற்பது தாண்டினால் மண்டையில் ஏறாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். ஒரே கிழமையில் மூன்று கணினி மொழி, நான்கு காணொளி என்று தாவினால் எவருக்கும் களைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவதே பாரமாக இருப்பவர் அதோடு விட்டுவிடுவார். ஆகவே ஒரு மொழி, ஒரு மென்பொருள், ஒரு கணக்கு.

மொழி பைதன். மென்பொருள் தொன்னி: எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்காக உருவானது, இலவசம். விண்டோஸில் தொன்னியை நிறுவினால் பைதனும் சேர்ந்தே வந்துவிடும். பிறகு டேட்டா தேவையில்லை. வியூ பட்டியலில் வேரியபிள்ஸ் என்பதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; நிரலில் நீங்கள் வைத்த பெயர்களையும் அவற்றின் மதிப்பையும் காட்டும் பெட்டி அது. வெள்ளைத் திரை கண்ணைக் குத்தினால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் இருண்ட நிறத்தையும் பெரிய எழுத்தையும் தெரிவு செய்யலாம்.

கரண்ட் போனால் மேசைக் கணினியில் சேமிக்காத வேலை போய்விடும், மடிக்கணினி நல்லது. ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காதவர்கள் திருவிழா நாள்களை முன்கூட்டியே நாள்காட்டியில் குறியுங்கள். மட்டக்களப்பில் அமிர்தகழிப் பக்கம் இருப்பவர்களுக்கு மாமாங்கத் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடுதான் முடியும். அந்த நாள்களில் விடியற்காலைக்கு மாறுங்கள், அல்லது கடதாசியில் எழுதிப் பழகுங்கள்.

முதல் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். வயல் வீட்டுக்காரருக்கு விதை நெல் கணக்கே போதும். ஏக்கருக்கு இரண்டு புசல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் இன்புட் கொண்டு ஏக்கரைக் கேளுங்கள்: acre = input(). இரண்டாம் வரியில் அதை 2 ஆல் பெருக்குங்கள்: seed = acre * 2. மூன்றாம் வரியில் பிரின்ட்: print(seed). எஃப்5 அழுத்தி நிரலை ஓட்டி, 3 என்று கொடுத்தால் 6 வராது, 33 வரும். இன்புட் எதையும் எழுத்தாகவே வாங்கும். எழுத்தை 2 ஆல் பெருக்கினால் பைதன் அதை இரண்டு தரம் எழுதும். வேரியபிள்ஸ் பெட்டியைப் பாருங்கள்: 3 மேற்கோள் குறிக்குள் இருக்கும். அதுதான் அடையாளம். இன்புட்டை ஃப்ளோட் என்பதன் அடைப்புக்குள் வையுங்கள்: acre = float(input()). முழு எண்ணை மட்டும் ஏற்கும் இன்ட் போட்டால் இரண்டரை ஏக்கர்காரர் 2.5 என்று தட்டியதும் வேல்யூ எரர் வரும். ஃப்ளோட் போட்டு 3 கொடுத்தால் விடை 6.0 என்று வரும். அந்தப் புள்ளி பிழை இல்லை. தசம எண் என்பதற்கான குறி.

கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினால், எஃப்6, எஃப்7 கொண்டு நிரலில் ஒவ்வொரு படியாக நகரலாம். அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் உள்ளவருக்கு இதைவிட உதவியான வசதி தொன்னியில் இல்லை.

சிவப்பு எழுத்து வந்தால் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். அது உங்களைத் திட்டவில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறது. நேம் எரர் என்றால் அந்தப் பெயர் பைதனுக்குத் தெரியாது. பெரும்பாலும் எழுத்துப் பிழை, அல்லது பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசம். இன்டென்டேஷன் எரர் என்றால் வரித் தொடக்கத்து இடைவெளி பொருந்தவில்லை. உள்ளே தள்ள வேண்டிய வரிக்கு மட்டும், எப்போதும் நான்கு இடைவெளி விடுங்கள். சின்டாக்ஸ் எரர் காட்டும் வரி சரியாகத் தெரிந்தால் அதற்கு மேல் வரியில் மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டிய வரியில் வளைந்த மேற்கோள் குறி இருந்தாலும் இதே பிழைதான். அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

தமிழில் ஒரு விஷயம் குழப்பும். “மட்டு” என்பதன் நீளத்தை லென் கொண்டு கேட்டால் 5 என்று வரும், கண்ணுக்கு 3 எழுத்துத்தான். மெய்யின் புள்ளியையும் உகரக் குறியையும் பைதன் தனித்தனியாக எண்ணுகிறது.

வேலையில் மூழ்கினால் பசியும் தாகமும் தெரியாமல் போகும். போனை அதிர்வில் வைத்து 40 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அது அடித்தவுடன் எழும்புவது கஷ்டம் என்பதால், ஹேஷ் குறி (#, அதன் பின் வருவதைப் பைதன் கண்டுகொள்ளாது) போட்டு அடுத்துச் செய்யவிருந்ததைத் தமிழில் ஒரு வரி எழுதி, கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டு எழும்புங்கள். வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்: சோறு ஆறினால் பரவாயில்லை, அந்த ஒரு வரி முடியட்டும்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வகுப்புக்குப் போவதானால், சேரும் முன் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பேர், இருக்கை மாறுமா, கேள்விகளைப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா. மழுப்பலாகப் பதில் வந்தால் வேறிடம் பாருங்கள்.

உதவி கேட்கும்போது திரையைப் படம் பிடித்து அனுப்புவதைவிட, முழு நிரலையும் பிழைச் செய்தியையும் எழுத்தாக ஒட்டுங்கள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள், என்ன வருமென்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் அதன் கீழே எழுதுங்கள்.